எடிட்டர் மூலநிரலை யுனிக்ஸ் வகைகளுக்கு ஏற்ப அமைத்தல்

ஓர் எடிட்டரின் மூலநிரலைக் கம்பைல் செய்வதற்கு முன், அந்தக் கணினியில் என்னென்ன வசதிகள் உண்டு, அவை எந்தப் பெயரில் கிடைக்கின்றன, எவை பழுதாக இருக்கின்றன என்று கண்டறிய வேண்டும். அதற்கேற்ப நிரலின் சில பகுதிகளைச் சேர்த்துச் சிலவற்றை விலக்கும் வேலையைக் ‘கான்ஃபிகர் செய்தல்’ என்பார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கணினியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்கென்று முன்பே எழுதிவைத்த குறிப்புகளை நம்புவது ஒன்று. பெயரைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு வசதியையும் அங்கேயே சோதித்துப் பார்ப்பது மற்றொன்று. ஈமாக்ஸ், விம் ஆகிய இரண்டு எடிட்டர்களின் வரலாறும் சோதித்துப் பார்ப்பதே சரி என்று காட்டுகிறது. ஆனால் ஒரு வசதி இல்லை என்று சோதனை சொல்லும்போது எடிட்டர் என்ன செய்கிறது என்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது. தமிழில் எழுதுகிறவர்களை நேரடியாகத் தொடுவது அந்தக் கேள்விதான்.

கணக்குப் போடும் நிரல் ஒன்று இயங்குதளத்திடம் அதிகம் கேட்பதில்லை. எடிட்டர் அப்படியல்ல. விசை அழுத்தப்பட்ட நொடியே எழுத்து கைக்கு வர முனையத்தின் இயல்பை மாற்ற வேண்டும். சாளரத்தின் அளவு மாறினால் தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்கீட்டுச் சிக்னல் வந்தாலும் எழுதியது தொலையாமல் காக்க வேண்டும். இன்னொரு நிரலை இயக்கி அதன் வெளியீட்டை வாங்க வேண்டும். 1980களில் யுனிக்ஸ் மரபுகள் பிரிந்தது இந்த இடங்களில்தான். முனையத்தைக் கட்டுப்படுத்த பெர்க்லி மரபு ஒரு முறையைப் பின்பற்றியது, ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் வேறொன்றைக் கொண்டுவந்தது, 1988இல் வெளியான போசிக்ஸ் தரம் மூன்றாவது ஒன்றை வகுத்தது. சிக்னலைக் கையாளும் செயற்கூறு பெர்க்லியில் ஒருமுறை அமைத்தால் நிலைத்திருக்கும். பழைய சிஸ்டம் ஃபைவில் ஒருமுறை சிக்னல் வந்ததும் அமைப்பு கலைந்துவிடும். கோப்பின் பெயர் பெர்க்லியில் 255 எழுத்துவரை போகலாம். பழைய சிஸ்டம் ஃபைவில் 14 எழுத்தோடு நின்றுவிடும். அங்கே பெயரின் கடைசியில் ஒரு குறியைச் சேர்த்து மாற்றுப்பிரதி எடுத்தால், அந்தக் குறியே வெட்டுப்பட்டு மூலக்கோப்பு அழியும் ஆபத்து உண்டு.

ஈமாக்ஸ் முதலில் பெயர் வழியில் சென்றது. அதன் மூலநிரலில் ‘எஸ்’, ‘எம்’ என்று இரண்டு அடைவுகள் இருந்தன. எஸ் அடைவில் இயங்குதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக்கோப்பு. எம் அடைவில் வாக்ஸ், ஸ்பார்க் போன்ற வன்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நிறுவுகிறவர் தமக்கு உரியதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். பெர்க்லி ஒரு பக்கம், சிஸ்டம் ஃபைவ் மறுபக்கம் என்று இருந்தவரை இது பொருந்தியது. ஆனால் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4 பெர்க்லி அடித்தளத்தின்மேல் சிஸ்டம் ஃபைவ் வசதிகளை ஏற்றிக்கொண்டது. எச்பி-யூஎக்ஸ் அதற்கு நேர்மாறாகச் சிஸ்டம் ஃபைவின்மேல் பெர்க்லி வசதிகளைச் சேர்த்துக்கொண்டது. அதன்பிறகு பெயரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இயங்குதளத்தின் ஒவ்வொரு புதிய பதிப்பும் ஒரு தலைப்புக்கோப்பைப் பொய்யாக்கியது, அதைத் திருத்த அந்தக் கணினி கையில் உள்ள ஒருவர் எங்கேயாவது இருக்க வேண்டியிருந்தது. ஈமாக்ஸ் 19 சோதனை முறைக்கு வந்த பின்பும் அந்த இரண்டு அடைவுகள் நீண்டகாலம் ஒட்டிக்கொண்டிருந்து, 2012இல்தான் முழுமையாக நீக்கப்பட்டன. அவற்றில் இருந்த தகவல் பெரும்பாலும் சோதனைகளாகவே மாற்றக்கூடியது என்று இந்த நீக்கம் காட்டியது. நான் முன்வைக்கும் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

சோதனை முறைக்கு வழிகாட்டியவர்களில் லாரி வால் முதன்மையானவர். 1980களின் நடுவில் தம் நிரல்களோடு ‘கான்ஃபிகர்’ என்ற ஷெல் நிரலை அனுப்பி, அது கணினியை ஆராய்ந்து, பயனரிடமும் கேள்வி கேட்டு, முடிவெடுக்கும்படி செய்தார். 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் அந்தக் கேள்விகளையும் நீக்கியது. ஒரு செயற்கூறு உண்டா என்று அறிய, அதை அழைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். வெற்றியானால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அமிகா கணினிக்காக 1991இல் வெளியான விம், 1992இல் யுனிக்ஸுக்கு வந்து, பின்னர் இந்தக் கருவியையே ஏற்றது. விம்மை உருவாக்கிய பிரம் மூலேனார் இதில் காட்டிய கவனம் பாராட்டத்தக்கது. இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், நினைவகத்தை நகலெடுக்கும் செயற்கூறு ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளைச் சரியாக நகர்த்துகிறதா, எழுத்தைப் பேரெழுத்தாக்கும் செயற்கூறு பழுதில்லாமல் இருக்கிறதா என்பதையெல்லாம் இயக்கிப் பார்த்தே விம்மின் கான்ஃபிகர் தீர்மானிக்கிறது. எந்தக் கையேடும் ‘எங்கள் செயற்கூறு பழுதானது’ என்று எழுதிவைப்பதில்லை. ஓடவிட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. 1992இல் ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் யூஸ்னிக்ஸ் மாநாட்டுக் கட்டுரை ஒன்றில், பகுதிகளைச் சேர்க்கவும் விலக்கவும் உதவும் நிபந்தனை வரிகளை நிரல் முழுவதும் தூவுவதே தீங்கு என்று வாதிட்டார்கள். நல்ல இடைமுகம் ஒன்றை வகுத்து, வேறுபாடுகளை அதற்குப் பின்னால் ஒதுக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். விம்மும் யுனிக்ஸுக்கு உரியவற்றில் பெரும்பகுதியைத் தனிக்கோப்பில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்த இடைமுகத்துக்குப் பின்னால் எந்த வடிவத்தைச் சேர்ப்பது என்று யாரேனும் தீர்மானித்தாக வேண்டும், அங்கே சோதனை மறுபடியும் தேவைப்படுகிறது. இரண்டாவது மறுப்பு இன்னும் நேரடியானது: போசிக்ஸ் வந்துவிட்டது, பழைய யுனிக்ஸ்கள் மறைந்துவிட்டன, இனி ஏன் இத்தனை சோதனை? 2014இல் விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் பழைய இயங்குதளங்களுக்கான பகுதிகளைக் களைந்து, ஆட்டோகான்ஃபை விட்டுச் சிமேக் என்ற கருவிக்கு மாறியது. அது சரியான முடிவே. இறந்துபோன கணினிகளுக்கான சோதனைகளைச் சுமப்பது நிரலைப் படிப்பவருக்குச் செய்யும் அநீதி. ஆயினும் போசிக்ஸ் ஆளாத பரப்பு பெரிது. முனைய நிரலகம், சாளர அமைப்பு, எழுத்துரு, எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் நிரலகம் ஆகிய எதையும் அந்தத் தரம் உறுதி செய்வதில்லை.

மூன்றாவது மறுப்பே கடினமானது. ஒரு கணினியில் கம்பைல் செய்து வேறொரு செயலியில் ஓட்டும்போது, சோதனை நிரலை இயக்கிப் பார்க்க வழியில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளுக்கு இது தொலைவான சங்கதி அல்ல. ஆலைக் கருவி ஒன்றின் ஆயுள் அதற்குள் இருக்கும் மென்பொருளின் ஆயுளைவிட நீளம். கருவிக்குள் ஆர்ம் செயலியோடு ஒரு சிறு லினக்ஸ் பலகை இருந்தால், அதற்கான எடிட்டரை மேசைக்கணினியில்தான் கம்பைல் செய்தாக வேண்டும். அந்நிலையில் விம்மின் கான்ஃபிகர் ஊகம் செய்யாமல் நின்றுவிடுகிறது; எந்த மாறிக்கு விடை தெரியவில்லையோ அதன் பெயரைச் சொல்லி, நிறுவுகிறவரையே மதிப்பைக் கொடுக்கச் சொல்கிறது. இது பயனருக்குத் தொல்லைதான். ஆனால் தவறாக ஊகித்த எடிட்டர் பின்னாளில் கோப்பைக் கெடுப்பதைவிட, தெரியாததை முன்கூட்டியே கேட்பது மேல்.

நிறுத்திக் கேட்கும் இந்த நேர்மை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. முனைய நிரலகம் கிடைக்காவிட்டால் விம்மின் கான்ஃபிகர் பிழை சொல்லி நிற்கும். ஆனால் பயனர் கேட்ட கூடுதல் வசதி ஒன்றுக்கு நிரலகம் இல்லையென்றால், அதை விட்டுவிட்டு மேலே சென்றுவிடுவதே அதன் வழக்கம். அப்படி விடாமல் நிற்கச் சொல்லத் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. அந்தத் தெரிவே இயல்புநிலையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பலபைட்டு எழுத்துகளுக்கான ஆதரவும் விம்மில் ஒருகாலத்தில் கம்பைல் செய்யும்போது தெரிவு செய்ய வேண்டிய ஒன்றாகவே இருந்தது. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு; ஆகவே அந்த ஆதரவு விலக்கப்பட்ட விம்மில் தமிழ்க் கோப்பை எழுத்து எழுத்தாகத் திருத்த இயலாது. 2019 டிசம்பரில் வந்த 8.2 பதிப்புக்கு முன்பே அதை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார்கள்.

ஈமாக்ஸில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘கெ’ என்பதில் ககரம் முதலிலும் எகரக் குறி பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்பதில் ஒரே குறி இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துவடிவ நிரலகம். 2020இல் வெளியான ஈமாக்ஸ் 27 முதல் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. அதற்கு முன் எம்17என் நிரலகமும் லிப்ஓடிஎஃப்பும் செய்தன. கம்பைல் செய்யும் கணினியில் இவற்றின் மேம்பாட்டுத் தொகுப்புகள் இல்லையென்றால், வரைகலை ஈமாக்ஸ் தமிழைச் சிதைத்துக் காட்டும். இப்போது இரண்டு நிலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிஃப், டிஃப் படங்களுக்கான நிரலகம் இல்லையென்றால் ஈமாக்ஸின் கான்ஃபிகர் பிழை சொல்லி நின்றுவிடும். வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் மேலே போகும். ஹார்ஃப்பஸ் இல்லையென்றால் நிற்காது. கடைசியில் அச்சிடும் நீண்ட சுருக்கத்தில் அதற்கு நேரே ‘இல்லை’ என்று ஒரு வரி மட்டும் வரும். படம் தெரியாத எடிட்டர் குறைபட்டது என்றால், எழுத்து தெரியாத எடிட்டர் அதைவிடக் குறைபட்டது. ஆங்கில எழுத்துக்கு இந்த நிரலகம் தேவைப்படாததால், அது கட்டாயம் என்ற எண்ணம் தோன்றாமல் போயிருக்க வேண்டும். சோதனை சரியாகவே விடை சொல்கிறது. அந்த விடைக்குக் கொடுத்த எடைதான் தவறு.

இன்று மூலநிரலைத் தாமே கம்பைல் செய்பவர்கள் சிலரே, மற்றவர்கள் ஆயத்தத் தொகுப்பையே நிறுவுகிறார்கள் என்பதும் ஒரு மறுப்பாகச் சொல்லப்படும். ஆனால் அதனாலேயே இந்த முடிவுகளின் வீச்சு கூடியிருக்கிறது. டெபியன் லினக்ஸ் வழங்கலில் ஒருவர் செய்த கான்ஃபிகர் தெரிவு, அதை அடித்தளமாகக் கொண்ட வழங்கல்களுக்கும் போகிறது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. டெபியன் விம்மை வெவ்வேறு தெரிவுகளுடன் பலமுறை கம்பைல் செய்து, சிறிய தொகுப்பு ஒன்றையும் வரைகலை உள்ள தொகுப்பையும் தனித்தனியாகத் தருகிறது. எந்த வசதிகள் சேர்ந்தன, எவை விடுபட்டன என்பதை விம்மின் பதிப்புக் கட்டளை கூட்டல், கழித்தல் குறிகளோடு காட்டும். ஈமாக்ஸிலும் கம்பைல் செய்தபோது சேர்ந்த வசதிகளின் பட்டியல் ஒரு மாறியில் பதிவாகியிருக்கும். பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ தமிழ் எழுதும் கணினிகளை ஆயத்தம் செய்பவர், எல்லாவற்றிலும் நிறுவுவதற்கு முன் அந்தப் பட்டியலில் ஹார்ஃப்பஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.