5 செ.மீ. உயரத்தில் ஒரு தளபதி... பழைய பெயின்ட்டை ஏன் தொடவே கூடாது?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனை வழிநடத்திய வின்ஸ்டன் சர்ச்சிலிடம் சிறுவயதில் கிட்டத்தட்ட 1,500 பொம்மை வீரர்கள் இருந்தார்கள். ஒருநாள் அந்த அணிவகுப்பைப் பார்க்க வந்த அப்பா, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டார். தன் வாழ்க்கையின் திசையே அதில்தான் மாறியது என்று சர்ச்சில் பின்னாளில் எழுதினார். இன்றைக்கு அதே சர்ச்சில், வாயில் சுருட்டோடு ஷோகேஸில் நிற்கும் மினியேச்சராகிவிட்டார்!

போர்க்காலத் தலைவர்கள், தளபதிகளின் கையால் வண்ணம் தீட்டிய குட்டி உருவங்களைச் சேகரிப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலரின் பொழுதுபோக்கு. பார்க்க பொம்மைதான். ஆனால் ஏலத்துக்கு வந்தால் விலையே வேற.

எப்படி ஆரம்பித்தது?

1893-ல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஒரு புது வழியைக் கண்டுபிடித்தது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளிப்பக்கம் இறுகியதும் மீதியைக் கவிழ்த்து விடுவார்கள். உள்ளே வெறும் கூடு. எடையும் குறைவு, விலையும் குறைவு. அவர்கள் பயன்படுத்திய 54 மி.மீ. உயரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஜெர்மனியில் வேறு ரூட். எலாஸ்டோலின், லினியோல் என்ற இரண்டு பிராண்டுகள் மரத்தூளையும் பசையையும் பிசைந்து, கம்பியைச் சுற்றி அழுத்தி பொம்மை செய்தன. 1930-களில் நாஜி தலைவர்களின் உருவங்களும் இப்படி வந்தன. ஹிட்லர் பொம்மையின் வலது கை சல்யூட்டுக்காக அசையும். சிலவற்றுக்கு முகச்சாயல் துல்லியமாக வர பீங்கான் தலை வைத்தார்கள்.

இவர்தான் தளபதின்னு எப்படித் தெரியும்?

54 மி.மீ. உருவத்தில் தலை சுமார் 7 மி.மீ.தான். அதுக்குள்ள முகச்சாயல் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. அதனால் சின்னச் சின்ன அடையாளங்கள்தான் கைகொடுக்கும். மாண்ட்கோமரி என்றால் கருப்பு பெரே தொப்பியில் இரண்டு பேட்ஜ். ரோமல் என்றால் தொப்பி மேல் கண்ணாடி. அதுவும் பிரிட்டிஷாரிடம் கைப்பற்றியது. பேட்டன் என்றால் தந்தப் பிடி போட்ட ரிவால்வர். அந்த வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் பேட்டன் இல்லை, யாரோ ஒரு அமெரிக்க ஜெனரல்!

அதாவது ஒரு சாதாரண வீரனைத் தளபதியாக்குவதில் பெயின்ட்டுக்குப் பெரிய பங்கு. விலையும் அதில்தான் நிற்கிறது. நிறம் உதிர்ந்திருக்கே என்று ஆசையாகப் புதுசா அடித்துவிட்டால், பழைய பொம்மையின் மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போச்சு. கொஞ்சம் உரிந்த ஒரிஜினல், பளபளக்கும் ரீபெயின்ட்டை விட மேல். வாங்கும் முன் அனுபவசாலிகள் புற ஊதா விளக்கில் பிடித்துப் பார்ப்பார்கள். புதிய பெயின்ட் பல நேரம் பழையதைவிட வேறு மாதிரி ஒளிரும்.

ஓக் மர அலமாரி வேண்டாம்

அழகா இருக்குன்னு பலர் செய்யும் தவறு இது. ஓக் மரத்திலிருந்து மெதுவாக அமில ஆவி வரும். மூடிய அலமாரியில் அது ஈயத்தை அரித்து, வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். சேகரிப்பவர்கள் இதை 'ஈய நோய்' என்பார்கள். அந்தப் பொடி விஷம். ஊதக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஈரமில்லாத இடத்தில், கண்ணாடி அல்லது இரும்பு அலமாரியே நல்லது. ஜெர்மன் பொம்மைக்கு ஈரம்தான் எமன். உள்ளே கம்பி துருப்பிடித்து உடம்பே வெடித்துவிடும். இரண்டையுமே குழந்தைகள் கையில் தரக்கூடாது.

சட்டச் சிக்கலும் உண்டு

ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி, ஸ்வஸ்திகா போன்ற நாஜி சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதும் பரப்புவதும் குற்றம். கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது. அதனால் அங்கே விற்பனைப் படங்களில் கைப்பட்டையை மறைத்திருப்பதைப் பார்க்கலாம். இந்த உருவங்களை வீட்டில் வைக்கலாமா என்பது சேகரிப்பவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. வரலாற்றுச் சான்று என்கிறது ஒரு தரப்பு. ஆனால் அந்தக் காலத்தில் இவை குழந்தைகள் கையில் கொடுக்கப்பட்ட பிரசாரம் என்பதை மறந்துவிட்டு ஷோகேஸில் அடுக்க முடியாது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அரிய பழசு தேவையில்லை. ஹாங்காங்கின் கிங் அண்ட் கன்ட்ரி போன்ற நிறுவனங்கள் வண்ணம் தீட்டியே விற்கின்றன. நாமே தீட்ட ரெசின் கிட்டும் கிடைக்கும். முதல் பிரஷ்ஷை அதில் பழகுங்கள், பழைய ஈயத்தில் வேண்டாம்.