அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் சமயப் போதனை: 1647 முதல் 1963 வரை

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளிலிருந்து வழிபாட்டை வெளியேற்றியது 1960களின் இறைமறுப்பு அலைதான் என்ற கருத்து இன்றும் வலுவாக உள்ளது. வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பள்ளியில் ஓதப்பட்ட சமயத்தை முதலில் எதிர்த்தவர்கள் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர்கள். எல்லாருக்கும் பொதுவானது என்று வகுக்கப்பட்ட ஒவ்வொரு சமய ஏற்பாடும் எவரையேனும் வெளியே நிறுத்தியது. அந்தப் பட்டறிவே அரசையும் சமயத்தையும் பிரிக்கும் கோட்பாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொதுப்பள்ளியின் தோற்றம்

50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1647இல் சட்டமியற்றியது. மறைநூல் அறிவை மக்களிடமிருந்து சாத்தான் மறைத்துவிடுவான் என்ற அச்சமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. சமயத்தை நிறுவத் தடைவிதிக்கும் அரசமைப்பின் முதல் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தபோதும் அது நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாசசூசெட்ஸில் திருச்சபைக்கு இருந்த அரசு ஆதரவு 1833இல்தான் முடிவுக்கு வந்தது.

அம்மாநிலக் கல்வி வாரியச் செயலாளராக 1837இல் பொறுப்பேற்ற ஹொரஸ் மான், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் பள்ளியை விரும்பினார். உட்பிரிவுக் கொள்கைகளை விலக்கி, விவிலியத்தை விளக்கமின்றி வாசித்தால் போதும் என்பது அவர் கண்ட வழி. புராட்டஸ்டன்டுகள் பலருக்கு இது நடுநிலையாகத் தோன்றியது. கத்தோலிக்கருக்கோ, அங்கு வாசிக்கப்பட்ட கிங் ஜேம்ஸ் பெயர்ப்பு தம் திருச்சபை ஏற்காத நூல். திருச்சபையின் விளக்கமின்றி வாசிப்பதும் பிறர் மரபு.

மோதலும் தீர்ப்புகளும்

கத்தோலிக்கப் பிள்ளைகள் தம் விவிலியத்தையே வாசிக்க இசையுமாறு பிலடெல்பியாவின் ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் 1842இல் கேட்டார். கத்தோலிக்கர் விவிலியத்தையே பள்ளியிலிருந்து அகற்றப் பார்க்கிறார்கள் என்று பரப்புரை நடந்தது. 1844 மே, ஜூலை மாதக் கலவரங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புனித மைக்கேல், புனித அகஸ்டின் ஆலயங்கள் எரிக்கப்பட்டன. கத்தோலிக்கர் தமக்கெனப் பங்குப் பள்ளிகளை வளர்த்ததில் இத்தகைய பகைமைக்குப் பெரும் பங்குண்டு.

அப்பள்ளிகளுக்குப் பொதுநிதி கிடைக்காதபடி தடுக்க 1875இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் பிளெய்ன் ஓர் அரசமைப்புத் திருத்தத்தை முன்மொழிந்தார். அடுத்த ஆண்டு செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்த அதன் வடிவம், பள்ளிகளில் விவிலிய வாசிப்பை அது தடுக்காது என்று வெளிப்படையாகவே கூறியது. சிறுபான்மையின் சமயத்துக்குப் பணம் இல்லை. பெரும்பான்மையின் சமயத்துக்கு வகுப்பறையில் இடம் உண்டு. பிரிப்பு என்ற பெயரில் முன்வைக்கப்பட்ட இந்த அநீதி போதிய வாக்குகள் பெறாமல் தோற்றது.

மாநில நீதிமன்றங்கள் அதற்கு முன்பே மாற்றுவழியைத் தேடத் தொடங்கிவிட்டன. சின்சினாட்டிக் கல்வி வாரியம் 1869இல் விவிலிய வாசிப்பை நிறுத்தியது. அந்த அதிகாரம் வாரியத்துக்கு உண்டு என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் ஏற்றது. எட்ஜர்டன் ஊர்க் கத்தோலிக்கப் பெற்றோர் தொடுத்த வழக்கில், அத்தகைய வாசிப்பு ஒரு பிரிவின் போதனையே என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1890இல் தீர்ப்பளித்தது.

உச்ச நீதிமன்றத்தின் வழி

சமயத்தை நிறுவத் தடைவிதிக்கும் முதல் திருத்த விதி மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947இல் எவர்சன் வழக்கில் அறிவித்தது. அடுத்த ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெய்ன் நகர வழக்கு வந்தது. அங்குப் புராட்டஸ்டன்டு, கத்தோலிக்க, யூதப் போதகர்கள் பள்ளி நேரத்தில், பள்ளிக் கட்டடத்திலேயே வகுப்பு நடத்தினர். இறைநம்பிக்கையற்ற தாயான வாஷ்டி மக்காலம் வழக்குத் தொடுத்தார். மூன்று சமயங்களுக்கும் இடமளித்தாலும், கட்டாயக் கல்விச் சட்டத்தால் திரட்டிய மாணவர்களைச் சமய வகுப்புக்கு அளிப்பது தவறு என்று 8-1 என நீதிமன்றம் முடிவு செய்தது. பள்ளிக்கு வெளியே நடக்கும் வகுப்புக்கு மாணவரை அனுப்புவதை 1952இல் அதே நீதிமன்றம் ஏற்றது.

நியூயார்க் அதிகாரிகள் எந்தப் பிரிவையும் சாராததாக இயற்றிய 22 சொல் வேண்டுதலை 1962இல் எங்கல் தீர்ப்பு நீக்கியது; வழக்காடியவர்களில் யூதரும் இருந்தனர். பென்சில்வேனியாவில் நாள்தோறும் பத்து விவிலிய வசனங்கள் வாசிக்கும் வழக்கத்தை எதிர்த்து வென்ற ஷெம்ப் குடும்பத்தினர் யூனிடேரியன் திருச்சபையினர். அந்த 1963 தீர்ப்பு சமய அறிவுக்குக் கதவடைக்கவில்லை. விவிலியத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் கற்பிக்கலாம் என்று நீதிபதி கிளார்க் தெளிவாக எழுதினார்.

முடிவு

பத்துக் கட்டளைகளை ஒவ்வொரு வகுப்பறையிலும் வைக்கக் கோரும் சட்டத்தை 2024இல் லூசியானா இயற்றியது. அக்கட்டளைகளை யூதரும் கத்தோலிக்கரும் பெரும்பாலான புராட்டஸ்டன்டுகளும் வெவ்வேறு விதமாக எண்ணுகின்றனர். எந்த வடிவத்தைச் சுவரில் மாட்டுவது என்று அரசு முடிவெடுக்கும்போதே, சமயப் பிரிவுகளுக்கு இடையில் அது ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் வழிபாட்டைப் பெற்றோரிடமும் திருச்சபையிடமும் விட்டுவிடுவது சமயத்தை இகழ்வதாகாது. அதிகாரம் குறைந்தவரின் நம்பிக்கைக்கும் அதுவே காப்பு.