காலடிச் சுவடும் கைப்பேசிச் சுவடும்

கழக்கூட்டம் என்றதும் திருவிதாங்கூர்ச் சரித்திரம் கற்றவர்களுக்கு எட்டு வீட்டுப் பிள்ளைமார் நினைவுக்கு வருவர். கழக்கூட்டத்துப் பிள்ளை அவ்வெண்மருள் ஒருவர். இக்காலத்தில் அவ்வூருக்குப் பெயர் தந்திருப்பது 1990-இல் நிறுவப்பெற்ற டெக்னோபார்க். அங்கே கணினித் தொழில் புரியும் நம்மவர், மாலையில் விடுதி திரும்பியதும் ஊர்ச் செய்தி கேட்பதும் குழந்தையின் முகம் காண்பதும் சமூக வலைத்தளங்களின் வழியாகவே. அப்போது அவர்கள் விட்டுச் செல்லும் சுவடுகளைப் பிறர் சேர்த்து வைக்கலாமா என்ற வினாவுக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கொன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பெற்றவர். ஆயினும் போலீசார் அவரை விட்டபாடில்லை. இரவில் வந்து கதவைத் தட்டினர்; அவர் போக்குவரவைக் குறித்து வைத்தனர். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இரவில் வீட்டுக்கு வருவது செல்லாது என்றது; பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதையோ தடுக்கவில்லை. அந்தரங்கம் அரசியல் சட்டம் உறுதியளித்த உரிமையன்று என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதிபதி சுப்பா ராவ் இதற்கு உடன்படவில்லை. ஒற்றன் நிழல்போல் தொடர, ஒருவன் நடக்கும் நடை சுதந்தர நடையாகுமா என்பதே அவர் வாதத்தின் சாரம். அவ்வழக்கில் இன்றும் படிக்கத்தக்க பகுதி அதுவே என்பேன்.

1994-இல் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவது பற்றிய வழக்கில், தனித்திருக்க விடப்படும் உரிமை வாழ்வுரிமையுள் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்து லூ மொண்டூலி ‘குக்கி’யை உருவாக்கினார். ஒரு தளத்துக்கு மீண்டும் வருபவரை அடையாளம் காணும் சிறு குறிப்பு அது. அங்காடிக் கணக்குப் பிள்ளையின் நினைவு போன்ற எளிய பொருள்தான். விளம்பரக்காரர் கைக்குப் போனபின் அதுவே ஒற்றனாயிற்று. 2010-இல் ஃபேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தான் பிற தளங்களிலும் பதிக்கப்பெற்றது. அதை நாம் அழுத்தாவிடினும், அப்பக்கத்தைத் திறந்த செய்தி ஃபேஸ்புக்குக்குச் சென்றது.

இதன் விளைவை 2018-இல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் காட்டிற்று. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர் 335 பேர். அவர்தம் நண்பர்களையும் சேர்த்து 5,62,000-க்கு மேற்பட்டோரின் விவரங்கள் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே தெரிவித்தது. இசைவு தந்தவர் ஒருவர், பறிகொடுத்தவர் பலர்!

இதற்கு முந்திய ஆண்டிலேயே, 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 1962-ஆம் ஆண்டுக் கருத்து நீங்க 55 ஆண்டுகள் ஆயின. நீதிபதி கவுல் தம் தீர்ப்பில் ஃபேஸ்புக்கையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

கேரளத்திலும் இது சோதனைக்கு வந்தது. 2020-இல் கொரோனாத் தொற்று பற்றிய மக்களின் உடல்நல விவரங்களை ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனம் கையாளுவதற்கு மாநில அரசு ஏற்பாடு செய்தது. பெயர், அடையாளம் நீக்கிய விவரங்களையே தரவேண்டும், மக்களின் இசைவும் பெறவேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஏப்ரலில் இடைக்கால ஆணையிட்டது.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்களின் தலையாய கடமைகளுக்கு அவ்விதிகள் மேலும் 18 மாத அவகாசம் அளித்தன. கைப்பேசியில் இருப்பிட அனுமதியை நிறுத்துவதற்கும், பிறர் குக்கிகளைத் தடுப்பதற்குமோ அத்தகைய அவகாசம் வேண்டுவதில்லை.