புத்தகத்துக்குள் ஒரு சேப்பாக்கம்: புக் கிரிக்கெட்டின் கதை

மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், மைதானம் வேண்டாம். பதினொரு பேர்கூட வேண்டாம். ஒரு புத்தகம், ஒரு பென்சில், நோட்டின் கடைசிப் பக்கம், பக்கத்தில் உட்கார ஒரு ஆள்... அவ்வளவுதான், மேட்ச் ஆரம்பம்!

புக் கிரிக்கெட் ஆடாமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் 1980களிலும் 90களிலும் மிகக் குறைவு. தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக விதி: புத்தகத்தை மூடி வைத்து, எங்காவது ஓர் இடத்தில் படாரென்று திறக்க வேண்டும். இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 42 என்றால் இரண்டு ரன், 114 என்றால் நாலு, 76 என்றால் சிக்ஸர். 60, 120 என்று பூஜ்யத்தில் முடிந்தால் அவுட். 8 வந்தால் என்ன என்பதில்தான் ஊருக்கு ஊர் சண்டை. சில வகுப்புகளில் ஒரு ரன், சில இடங்களில் ஒன்றுமில்லை, சில இடங்களில் நோபால். ஒற்றைப்படை ரன்னே கிடையாதா என்று கேட்டால், கிடையாதுதான். எந்தப் புத்தகத்திலும் 1ஆம் பக்கம் வலது கைப் பக்கம் வரும்; ஆகவே இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். இந்தப் பக்கத்து ஊர்களில் நிஜக் கிரிக்கெட்டுக்கு என்று தனி மைதானம் எதற்கு? கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்தான் ஸ்டேடியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கண்மாய் நிறைந்துவிட்டால் ஸ்டேடியம் தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் தை, மாசி வரைக்கும் கிரிக்கெட் என்றால் அது பெஞ்சுக்கு அடியில் நடக்கும் கிரிக்கெட்தான்.

விளையாட்டைக் கையடக்கமாக்கும் இந்த ஆசை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் 1930களிலேயே சின்னத் தகர டப்பாவில் 'அவ்ஸாட்' என்று ஒரு விளையாட்டு விற்றது. டப்பாவுக்குள் இரண்டு அறுகோண உலோக உருளைகள். ஒன்றை உருட்டினால் ரன் அல்லது அவுட் கேட்கும் அப்பீல். அப்பீல் வந்தால் மற்றதை உருட்டித் தீர்ப்புத் தெரிந்துகொள்ள வேண்டும். காசு இல்லாத பிள்ளைகள் அறுகோணப் பென்சிலின் ஆறு பட்டைகளில் எண் செதுக்கி அதையே உருட்டினார்கள்.

அமெரிக்கர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய ஆட்டம் பேஸ்பால். விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த கிளிஃபோர்ட் வான் பீக் என்பவர் 1920களில் ஒரு சீட்டு விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கி, 1930இல் 'நேஷனல் பாஸ்டைம்' என்ற பெயரில் வெளியிட்டார். ஒவ்வொரு நிஜ வீரருக்கும் ஒரு சீட்டு. இரண்டு பகடையை உருட்டினால் 11இலிருந்து 66 வரை 36 விதமான விழுகைகள். எந்த விழுகைக்கு என்ன பலன் என்பது சீட்டில் இருக்கும். அந்த வீரர் முந்தைய ஆண்டில் உண்மையாகவே எப்படி ஆடினாரோ அதற்கேற்ப எண்கள் மாறும். அடிக்கடி ஹோம் ரன் அடித்தவரின் சீட்டில் ஹோம் ரன் அதிகம் வரும். மொட்டை மட்டை ஆசாமியின் சீட்டில் அவுட் அதிகம் வரும். பொருளாதார மந்த காலம் என்பதால் விளையாட்டு ஓடவில்லை. ஆனால் அதை ஆடி வளர்ந்த ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் அதே அடிப்படையில் 1951இல் 'ஆப்பா' என்ற விளையாட்டைக் கொண்டு வந்து தபாலில் விற்றார். ஹால் ரிச்மன் என்ற நியூயார்க் பையன் 1948இல், பதினோரு வயதில், தானே ஒரு சீட்டு பேஸ்பாலைக் கணக்குப் போட்டு உருவாக்கினான். அதுதான் 1961இல் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' ஆகக் கடைக்கு வந்தது. நாவலாசிரியர் ஜாக் கெரோவாக்கூடச் சிறுவயதில் கற்பனை அணிகள், கற்பனை வீரர்கள் என்று சொந்தமாக ஒரு சீட்டு பேஸ்பால் லீக் நடத்தியவர்தான். பெரியவரான பிறகும் விடவில்லை. அந்தச் சீட்டுகளும் குறிப்புகளும் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

நம் புக் கிரிக்கெட்டுக்குக் காப்புரிமையும் இல்லை, கம்பெனியும் இல்லை, டப்பாவும் இல்லை. எந்த நூலகத்திலும் அதன் ஸ்கோர் நோட்டு பாதுகாக்கப்படவில்லை. எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கொஞ்சம் கணக்கு. (கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு பத்தி தாண்டிவிடலாம்!)

இடது பக்கக் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஐந்து விதம்தான். ஐந்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒவ்வொரு தடவை புத்தகம் திறக்கும்போதும் அவுட்டாக ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. சராசரியாக நாலு தடவை தப்பித்தால் ஐந்தாவது தடவை அவுட். 8க்கு ரன் இல்லை என்ற விதிப்படி அந்த நாலு தடவையில் 2, 4, 6, 0 ஆக மொத்தம் 12 ரன். 8க்கு ஒரு ரன் என்றால் 13. ஆக, புக் கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேனின் சராசரி பன்னிரண்டு பதின்மூன்றைத் தாண்டாது. பத்து விக்கெட்டும் போக அணியின் ஸ்கோர் 120, 130. சதம் அடிப்பது? பன்னிரண்டு சராசரி விதியில் ஆயிரம் இன்னிங்ஸ் ஆடினால் ஒன்று வருவதே சந்தேகம். யாராவது 'நான் நேற்று புக் கிரிக்கெட்டில் ரெண்டு செஞ்சுரி போட்டேன்' என்று சொன்னால், புத்தகத்தின் முதுகை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இந்த அமைப்பு நிஜக் கிரிக்கெட்டுக்கு அவ்வளவு தூரமில்லை. 1945இல் இங்கிலாந்தில் ஜி.எச்.வுட் என்பவர் கிரிக்கெட் ஸ்கோர்களை ஆராய்ந்து ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பேட்ஸ்மேன்களின் ஸ்கோர்கள் ஏறக்குறைய ஒரு பெருக்குத் தொடர் போலக் குறைந்துகொண்டே போகின்றன என்பது அதன் சாரம். எவ்வளவு ரன் எடுத்திருந்தாலும் அடுத்து அவுட்டாகும் வாய்ப்பு ஏறக்குறைய அதே அளவுதான் என்று வைத்துக்கொண்டால் வரும் தொடர் அது. புத்தகம் செய்வதும் அதையேதான்! 90 ரன்னில் நிற்கிறான் என்று எந்தப் புத்தகமும் இரக்கப்படாது.

ஆனால் வான் பீக்கின் சீட்டு செய்த ஒரு காரியத்தைப் புத்தகம் செய்யாது. அதற்கு ஆள் தெரியாது. சுனில் கவாஸ்கர் டெஸ்டில் 10,122 ரன் குவித்தவர், சராசரி 51.12. பி.எஸ்.சந்திரசேகர் 242 விக்கெட் எடுத்த மகா பந்துவீச்சாளர். ஆனால் மொத்த டெஸ்ட் வாழ்க்கையில் அடித்தது 167 ரன், சராசரி 4.07. எடுத்த விக்கெட்டைவிட அடித்த ரன் குறைவு! புத்தகத்துக்கு இருவரும் ஒன்றே. இருவருக்கும் அதே பன்னிரண்டுதான். நோட்டில் எழுதிய பேட்டிங் வரிசை வெறும் பெயர்ப்பட்டியல். பதினோராம் ஆள் சிக்ஸராகப் போட்டு ஜெயிப்பதும், ஸ்ரீகாந்த் முதல் பந்திலேயே டக் அவுட் ஆவதும் சர்வசாதாரணம். (இரண்டாவது நிஜத்திலும் நடக்கக்கூடியதுதான் என்பது வேறு விஷயம்.)

ஆடிய பையன்களுக்கு இதில் குறை தெரியவில்லை. தெரிந்திருந்தால் சரிசெய்திருப்பார்கள். அமெரிக்கச் சிறுவனிடம் கையில் பேஸ்பால் புள்ளிவிவரம் கொட்டிக் கிடந்தது. அவனுக்கு நிஜத்தைத் திரும்ப நடத்திப் பார்க்க ஆசை. இங்கே பல வீடுகளில் கிரிக்கெட் என்பது ரேடியோவில் வரும் குரல். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் வானொலியில் தமிழில் வர்ணனை செய்த காலம். டிவி வந்த பிறகும் தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான். கேட்ட கதையைச் சொந்தமாக நடத்திப் பார்க்க ஒரு வழி வேண்டும், அது இரைச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், வாத்தியார் திரும்பினால் மறைக்க முடிய வேண்டும். புத்தகத்தைவிட நல்ல மறைவிடம் எது? கடைசியில் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பவன் படிக்கிற பிள்ளை!

எந்தப் புத்தகம் என்பதும் முக்கியம். ஒல்லியான பாடப்புத்தகம் உதவாது. நாலு தடவை திறந்தால் அதே பக்கம். கோனார் தமிழ் உரை மாதிரி தடித்த உரைநூல்களுக்குத்தான் மவுசு. பழகிய புத்தகம் என்றால் அதிலும் வில்லங்கம். ஒரே இடத்தில் அழுத்தித் திறந்து வைத்த புத்தகம் மறுபடி அங்கேயேதான் திறக்கும். 56ஆம் பக்கத்தில் முதுகை மடக்கிப் பழக்கி வைத்தால் சிக்ஸர் மழை. எதிராளியின் புத்தகத்தில்தான் ஆட வேண்டும் என்ற விதி இதனால் வந்ததுதான். 'பக்கம் நகர்ந்துவிட்டது, மறுபடி திற' என்று ஒருவன், 'அதெல்லாம் கிடையாது, அவுட்டுதான்' என்று இன்னொருவன்... அம்பயர் இல்லாத ஆட்டத்தில் ஸ்கோர் தகராறு தீரவே தீராது.

அம்பயர் இருந்தால் மட்டும்? 1987 அக்டோபர் 9, சேப்பாக்கம். ரிலையன்ஸ் உலகக்கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். டீன் ஜோன்ஸ் தூக்கியடித்த ஒரு பந்துக்கு நாலு ரன் என்று கொடுத்தார்கள். ஆஸ்திரேலியா 268. இடைவேளையில் அது சிக்ஸர் என்று ஆஸ்திரேலியர்கள் முறையிட, கபில்தேவும் ஒத்துக்கொள்ள, ஸ்கோர் 270 ஆனது. இந்தியா கடைசி ஓவரில், ஒரு பந்து பாக்கி இருக்கையில் 269க்கு ஆல் அவுட். ஒரே ரன்னில் தோல்வி! நோட்டின் கடைசிப் பக்கத்தில் 8ஆ, 6ஆ என்று அடித்துக்கொண்ட பையன்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் வியாபாரிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் போட்ட சீட்டு வந்தது. சீட்டில் ரன்னும் விக்கெட்டும். சேர்த்துக் கொடுத்தால் பரிசு. 1990களில் டிரம்ப் கார்டு வந்தது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சீட்டு, அதில் ஆடிய ஆட்டம், ரன், அதிகபட்ச ஸ்கோர், விக்கெட். யார் எண் பெரிதோ அவருக்குச் சீட்டு. இங்கேதான் முதல்முறையாக நம் பிள்ளைகள் கையில் வீரர்களின் நிஜப் புள்ளிவிவரம் சீட்டாக வந்தது. ஆனால் வான் பீக்கின் சீட்டு மாதிரி அதில் ஆட்டம் நடக்காது, ஒப்பீடு மட்டும்தான். 1999 உலகக்கோப்பைக்கு பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் ரன் அச்சடித்து, சேர்ப்பவர்களில் அதிர்ஷ்டசாலிகளை இங்கிலாந்துக்கே அனுப்பியது. கடைகளில் பிஸ்கட்டைவிட உறைக்குத்தான் அடிதடி.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே இந்தப் பகுதியில் ஒரு சீட்டு இருந்தது. தீப்பெட்டிப் படம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை ஊரறிந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சகங்கள் பிறகு காலண்டர், நோட்டு, புத்தகம் என்று நாட்டுக்கே அச்சடிக்க ஆரம்பித்தன. தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பதும், பந்தயமாக வைத்து ஆடுவதும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பழைய வழக்கம். புக் கிரிக்கெட்டில் தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கொடுத்ததும் பல சமயம் இதைத்தான்.

அந்தப் படங்களைப் பெட்டியில் ஒட்டியது யார்? அதே வயதுப் பிள்ளைகள். 1970களிலும் 80களிலும் சிவகாசியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு விடிகாலையில் கம்பெனி பஸ் வரும். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்டப் பிள்ளைகளை ஏற்றிப் போகும். அவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். கூலி எண்ணிக்கைக் கணக்கில். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கின் பெயரே எம்.சி.மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு; விஷயமே சிவகாசி.

புக் கிரிக்கெட் ஏழைகளின் விளையாட்டு என்று பலரும் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. அதற்கு ஒரு புத்தகம் வேண்டும், பக்கத்தில் உட்கார ஒரு வகுப்புத்தோழன் வேண்டும், இரண்டுக்கும் மேலாகப் பகல் வேளையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே தெருவில் ஒரு பிள்ளை கோனார் உரையைத் திறந்து சிக்ஸர் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இன்னொரு பிள்ளை அவனுடைய பந்தயச் சீட்டை எங்கோ ஒரு பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்போன் வந்ததும் புக் கிரிக்கெட் மெல்ல ஒதுங்கியது. கையடக்கக் கிரிக்கெட் ஆசை ஒதுங்கவில்லை. 2008இல் தொடங்கிய ட்ரீம் 11, வான் பீக் செய்ததைத் தலைகீழாகச் செய்தது: போன வருடப் புள்ளிவிவரத்தை வைத்து ஆட்டம் நடத்தாமல், இன்று நடக்கும் ஆட்டத்தின் புள்ளிவிவரத்தையே ஆட்டமாக்கியது, அதில் பணமும் கட்ட வைத்தது. 2020இல் ஐபிஎல் போட்டியே அதன் பெயரில் நடந்தது. 2023இல் இந்திய வீரர்களின் சட்டையில் அதன் பெயர் ஏறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ததும் அந்தப் பணப் போட்டிகள் நின்றன, சட்டையிலிருந்து பெயரும் இறங்கியது. அது திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்காக வாதம் நடந்தது.

புக் கிரிக்கெட்டைப் பற்றி அப்படி ஒரு வாதம் வந்ததே இல்லை. அது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்தான், புத்தகத்தின் முதுகு மடங்காமல் இருக்கும்வரை. தோற்றால் போவது ஒரு தீப்பெட்டிப் படம். வாத்தியாரிடம் மாட்டினால் போவது கோனார் உரை, அதுவும் சாயங்காலம் மணி அடிக்கும்வரை.