மகுடிக்குள் இருந்த மின்சாரம்

மனுரேவாவில் எங்கள் வீட்டுக் கராஜில் பழைய கீபோர்ட் ஒன்று இருக்கிறது. மகளின் பாம்பு நடனத்துக்காக ஒரு மாலை அதில் மகுடி வாசித்துக் காட்டினேன். "அப்பா, இது பொய்ச் சத்தம்தானே? உண்மையான மகுடி எப்பிடி இருக்கும்?" என்றாள்.

பதில் சொல்ல 1954க்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வெளிவந்த 'நாகின்' என்ற இந்திப் படத்தின் பாம்பாட்டி இசை இந்தியாவெங்கும் புகழ்பெற்றது. இசையமைத்தவர் ஹேமந்த் குமார். ஆனால் அந்த ஒலி சுரைக்குடுக்கையில் பிறந்ததல்ல. பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி கிளாவியோலினில் வாசித்தது அது. கூடவே ரவியின் ஆர்மோனியம். கிளாவியோலின், பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947இல் உருவாக்கிய மின் கீபோர்ட். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். மகுடியின் மெட்டுக்கு அது போதும்.

அதன் உள்ளே இருப்பது ஆஸிலேட்டர். மின்னழுத்தத்தை ஊஞ்சல்போல் ஏற்றி இறக்கும் சுற்று அது. செக்கனுக்கு எத்தனை தரம் ஆடுகிறதோ அது சுரத்தின் உயரம். எந்த வடிவில் ஆடுகிறதோ அது குரலின் நிறம். மெதுவாக வளைந்து ஆடினால் புல்லாங்குழலை ஒத்த தெளிந்த ஒலி. மரம் அரியும் வாளின் பல்லைப்போல் ஏறிச் சட்டென விழுந்தால், எல்லா மேற்சுரங்களும் சேர்ந்த கூரிய ஒலி. சதுரமாகத் தாவினால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும். கிளாரினெட்டின் வெற்றுக்குரல் வரும். வேண்டாதவற்றை வடிகட்டி நீக்கினால், மிஞ்சுவது நாம் பெயர் சொல்லி அழைக்கும் வாத்தியம்.

1967இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் இன்னொரு வழியைக் கண்டார். ஒரு ஆஸிலேட்டரால் இன்னொன்றின் சுரத்தை அசைப்பது. மெதுவாக அசைத்தால் நம் கமகத்தை நினைவூட்டும். செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தரம் அசைத்தால் காது அசைவை இழந்து, புதிய நிறத்தைக் கேட்கும். யமஹா இதை 1983இல் டிஎக்ஸ்7 கீபோர்டாக விற்றது. இதே முறையில் ஒலியெழுப்பிய யமஹா சிஎக்ஸ்5எம் கணினி, 1986இல் இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' பாடல்களுக்குள் வந்தது. அதை இயக்கியவர் இருபது வயதை எட்டாத திலீப், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான்.

அந்தக் கசெற் எங்களிடமும் இருந்தது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். கை தளர்ந்தால் பாட்டும் தளரும். சுரம் கீழே இறங்கும். மின்சாரத்தில் பிறந்த இசைக்கு நாங்களே மின்சாரம் கொடுத்தோம். அண்ணா சுழற்றிய வேகம்தான் எனக்கு அந்தப் பாடல்களின் சரியான சுருதி. அண்ணா இப்போது இல்லை. இங்கே எந்தத் துல்லியமான பதிவைக் கேட்டாலும் ஏதோ ஒன்று குறைகிறது.

இதையெல்லாம் சொன்னபோது மகள் பேசாமல் கேட்டாள். பிறகு கீபோர்டின் இடப்பக்கச் சில்லைக் கீழ்நோக்கி உருட்டினாள். சுரம் மெல்ல இறங்கியது.

"இப்பிடியோ?" என்றாள்.

"கிட்டத்தட்ட," என்றேன். "அவர் திரும்பவும் வேகமாகச் சுத்துவார்."

அவள் சில்லை விட்டாள். சுரம் ஏறி வந்தது.