காந்த ஊசியும் வானத்துச் செவ்வொளியும்

பெங்களூரிலிருந்து கோலார் வழியே ஊர் திரும்பும் நம்மவர் ஹொசகோட்டையைக் கடந்தே செல்கின்றனர். அவ்வூரை அடுத்து இந்திய வான்இயற்பியல் கழகத்தின் ஆய்வு வளாகம் ஒன்று உள்ளது. லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4500 மீட்டர் உயரத்தில் நிற்கும் தொலைநோக்கியை இங்கிருந்தபடியே இயக்குகின்றனர். 2024 மே 10ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் அந்த ஹான்லேயின் வடவானம் சிவந்தது. விடியும்வரை நின்ற அச்செவ்வொளியைக் கருவிகள் படம்பிடித்தன.

துருவ நாட்டார்க்கே உரியதென நாம் எண்ணிய காட்சி நம் நாட்டு வானில் எவ்வாறு தோன்றிற்று? கதிரவனிடமிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் காற்றைப்போல ஓயாது வீசுகின்றன. அக்காற்றால் பூமியின் காந்தப்புலம் பகற்புறத்தே அமுங்கி, இரவுப்புறத்தே சந்திரனின் பாதைக்கும் அப்பால் வால்போல நீள்கின்றது. வாலினுள் எதிரெதிர்த் திசையிற் செல்லும் காந்தக் கோடுகள் நெருக்குண்டு, அறுந்து, வேறு வகையாய் இணையும்போது, முறுக்கிய கயிறு போன்ற காந்தத் திரள்கள் உருவாகின்றன. அவற்றுட் சில விண்வெளிக்கும் சில பூமியை நோக்கியும் பாய்கின்றன. அப்போது முடுக்கப்பெறும் மின்னணுக்கள் துருவங்களையொட்டி மேல்வளியில் வீழ்ந்து, பிராணவாயுவைப் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரச் செய்கின்றன. இதுவே துருவ ஒளி.

வேறு சில துகள்கள் பூமியைச் சுற்றி வளையம்போன்ற மின்னோட்டமாக அமைகின்றன. அதன் வெப்பம் கசிந்து அயனமண்டலத்தை அடைய, துருவத்துக்கு வெகு தெற்கேயும் செந்நிற வில் தோன்றும். ஹான்லேயிற் கண்டது அதுவே. அதே மின்னோட்டம் வெப்ப நாடுகளில் காந்தப்புலத்தைச் சற்றே குறைக்கின்றது. ஆதலின் துருவ ஒளியைக் காணவியலாத தென்னாட்டிலும் அதன் செய்தியைக் காந்த ஊசி உரைக்கும்.

அச்செய்தியை நெடுங்காலம் செவிமடுத்தோர் இந்நாட்டில் இருந்தனர். 1837இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் வான்கூடம் நிறுவினார். 1852இல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், நம் அகத்தியர் மலையின் உச்சியிலேயே காந்தக் கருவிகளை வைத்து அளந்தார். காடும் மழையும் தடுத்த மலை அது. காந்தக் கலக்கங்கள் ஏறத்தாழ 26 நாளுக்கொருமுறை மீள்வதை அவர் கண்டு, கதிரவனின் சுழற்சியோடு தொடர்புபடுத்தினார்.

1859 செப்டம்பர் முதல் நாள் இங்கிலாந்தில் காரிங்டன் என்பார் கதிரவன்மீது திடீரென ஒளிப்பிழம்பைக் கண்டார். ஏறத்தாழ பதினேழரை மணி நேரத்துக்குப் பின் காந்தப் புயல் பூமியைத் தாக்கிற்று. பல நாடுகளில் தந்திக் கம்பிகள் தடுமாறின. பம்பாய்க் கொலாபாக் கூடத்தில் ஊழியர் கருவியைக் கண்ணாற் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தனர். கிடைத்திசைப் புலம் ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா சரிந்ததை அவர்கள் பதிந்தனர். 2024 மே புயலின் உலக அளவிலான சரிவோ 400 நானோடெஸ்லாவை ஒட்டியதே. தாம் எழுதியது பிற்காலத்தார்க்கு அளவுகோலாகும் என்பதை அவ்வூழியர் அறிந்திருப்பரோ?

பம்பாயில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தபோது காந்த அளவைக்கு ஊறு நேருமென்று கூடத்தார் அஞ்சினர். ஆதலின் 1904இல் அப்பணியை அலிபாகுக்கு மாற்றிக்கொண்டனர். தென்னாட்டில் கொடைக்கானலில் 1901 முதல் கதிரவனை நோக்கும் பணி நடந்தது. அதன் வழிவந்த கழகமே 1971இல் தன்னாட்சி பெற்று, பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியும் ஹொசகோட்டை வளாகத்திலேயே உருவாயிற்று. அக்கலம் பூமியினின்று 15 லட்சம் கிலோமீட்டர் கதிரவன்பக்கம் நின்று நோக்குகின்றது.

இது வீண் வேடிக்கையன்று. 1989 மார்ச் 13இல் காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். இன்று வழிகாட்டும் செயற்கைக்கோள்களும் அயனமண்டலத்தின் கலக்கத்தால் பிழைபடும். நம் கைப்பேசிக்கும் அதிற் பங்குண்டு.

பெங்களூரின் விளக்கொளியில் நமக்கு விண்மீனே அரிதாய்த் தெரிகின்றது. எனினும் இந்நகரை அடுத்த அறையொன்றில் இருப்போர் ஹான்லேயின் இரவைக் காக்கின்றனர். அகத்தியர் மலையிலும் கொலாபாவிலும் விழித்திருந்தோரின் வேலையே அது.