பதிவிறக்க எண்ணிக்கை: நிரல் களஞ்சியங்களில் ஓர் அளவுகோல் மாறிய வரலாறு

பெர்ல் மொழிக்கான சீபான் களஞ்சியம் 1995இல் தொடங்கியபோது, ஒரு பொதி (பிறர் பயன்படுத்தத் தொகுத்து வைத்த நிரல்) எத்தனை முறை இறக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதே கோப்புகள் உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் நடத்திய மிரர் (நகல்) வழங்கிகளில் கிடந்தன. பதிவேடும் ஒவ்வொரு வழங்கியிடம் தனித்தனியே இருந்தது.

லினக்ஸ் இயங்குதளமான டெபியன் வேறு வழியில் போனது. ஏவெரி பென்னரன் 1998இல் எழுதிய ‘பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்’ என்ற கருவி பதிவிறக்கத்தை எண்ணவே இல்லை. சம்மதித்த பயனர்களின் கணினிகள் எந்தப் பொதிகள் நிறுவப்பட்டுள்ளன, அவற்றின் கோப்புகள் அண்மையில் திறக்கப்பட்டனவா என்று வாரந்தோறும் தெரிவித்தன. நிறுவல் குறுந்தட்டுகளில் எந்தப் பொதிக்கு முன்னிடம் என்பதை முடிவுசெய்ய இது உதவியது. சம்மதிக்காதவர்கள் கணக்கில் வராதது பெருங்குறைதான். ஆனாலும் நிறுவியதையும் பயன்படுத்தியதையும் பிரித்துப் பார்த்த இந்த முறையே, பின்னால் வந்த பலவற்றைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

மையக் களஞ்சியங்கள் வந்தபின் எண்ணுவது எளிதானது. 2003இல் தோன்றிய பைத்தானின் பைபிஐ, பொதிப் பக்கத்திலேயே பதிவிறக்க எண்ணைக் காட்டியது. 2013இல் அது ஃபாஸ்ட்லியின் உள்ளடக்க விநியோக வலையமைப்புக்கு மாறியது. அதன்பின் கோப்பு கேட்டவருக்கு அருகிலிருந்த ஃபாஸ்ட்லி வழங்கியே பதில் அனுப்பியது. பெரும்பாலான கோரிக்கைகள் மைய வழங்கிக்கு வந்து சேரவே இல்லை. வலையமைப்பின் பதிவேடுகளைத் திரட்டி எண்ண வேண்டியதாயிற்று. 2016இல் அந்தத் தரவு கூகுளின் பிக்குவெரி தரவுச் சேவையில் பொதுவில் வைக்கப்பட்டது. 2018இல் பழைய தளம் மூடப்பட்டது. புதிய தளத்தின் பொதிப் பக்கங்களில் அந்த எண் இல்லை. அந்த எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவி ஒருமுறை இறக்கியதைக் கணினியிலேயே சேமித்துக்கொள்வதால் எண் குறையும். மிரர்களும் தானியங்கிச் சோதனைகளும் அதை ஏற்றும். ஒவ்வொரு முறையும் புதிய கணினியில் தொடங்கும் சோதனை, அதே பொதியை மறுபடி மறுபடி இறக்கும். எண்ணைத் திட்டமிட்டு உயர்த்தவும் ஒரு சிறு நிரல் போதும்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் களஞ்சியமான என்பிஎம் 2014இல் தன் எண்ணும் முறையை ஒளிவுமறைவின்றி விளக்கியது. கோப்புக்கான ஒவ்வொரு வெற்றிகரமான பதிலும் ஒரு பதிவிறக்கம். கேட்டது மனிதரா ரோபோவா என்ற பேதமில்லை. நாளொன்றுக்கு 50ஐத் தாண்டாத எண்ணை வெறும் இரைச்சலாகவே கொள்ளலாம் என்றது. எண்ணைச் சின்னமாக்கித் தம் திட்டத்தின் முகப்பில் ஒட்டிக்கொள்ளும் ஆசை மட்டும் ஆசிரியர்களிடம் குறையவில்லை.

2016 மார்ச்சில் என்பிஎம்மிலிருந்த ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் நீக்கினார். ஜாவாஸ்கிரிப்ட் கருவியான பேபெல் போன்ற பெருந்திட்டங்களின் நிரல் கட்டுமானங்கள் நின்றன. அதை மாதந்தோறும் லட்சக்கணக்கில் இறக்கிய கணினிகளின் உரிமையாளர்களில் பெரும்பாலோர் அதன் பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். வேறு பொதிகள் அதைச் சார்ந்திருந்ததால் அது உள்ளே வந்திருந்தது. விருப்பத்தின் அளவாக அந்த எண் பொய். உடைந்தால் எத்தனை இடங்களில் உடையும் என்பதன் அளவாக அது மெய்.

களஞ்சியங்களின் விதிகளிலும் இந்த இரண்டாம் பொருளே நுழைந்தது. வெளியிட்டு 72 மணி நேரம் கடந்த பொதியை ஆசிரியரே நீக்க, முந்தைய வாரத்தில் 300க்கும் குறைவான பதிவிறக்கங்களே இருக்க வேண்டும் என்பது என்பிஎம்மின் நிபந்தனைகளுள் ஒன்று. வேறெந்தப் பொதியும் அதைச் சார்ந்திருக்கக்கூடாது, ஒரே பராமரிப்பாளர்தான் இருக்க வேண்டும் என்பவை மற்றவை. பைபிஐ 2022இல், ஆறு மாதப் பதிவிறக்கங்களில் முதல் 1 விழுக்காட்டில் வந்த திட்டங்களை ‘முக்கியமானவை’ என அறிவித்து, அவற்றின் பராமரிப்பாளர்களுக்கு இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. கூகுள் தந்த 4,000 பாதுகாப்புச் சாவிகள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. ஊதியமில்லாமல் எழுதியவர்களுக்கு எண்ணின் பேரில் கடமை சுமத்துவது நியாயமா என்ற எதிர்ப்பும் எழுந்தது. ‘முக்கியமானது’ என்ற அடையாளத்தை உதற ஓர் ஆசிரியர் தம் பொதியையே நீக்கி, புதிதாக ஏற்றினார். பழைய பதிப்புகளைக் குறிப்பிட்டுக் கேட்ட நிரல்களுக்கு அவை கிடைக்காமற்போயின.